ஜலராணி மாலோட நெழல்

மட்டாஞ்சேரி ஜலராணி மாலோட நெழல் ஒரு செவ்வாக்கெழம காலைல மொதப் படகுல ஏறி எர்ணாகுளத்துக்குப் போயிருச்சு. பாத்தது யூசுப். படகு ஜெட்டி முக்குல சாயாக்கட வச்சிருக்கிறவரு, எல்லாரும் யூசுப்பிக்கான்னுதான் கூப்பிடுவாங்க. அடுப்பு பத்தவச்சு மொத சாயா ஆத்திக்கிட்டு இருந்தப்போ மால் பக்கத்துலருந்து கருப்பா ஒண்ணு ரோட்டோட ரோட்டா தவழ்ந்து வந்துச்சாம். நனஞ்ச தார்பாய இழுத்துட்டு வந்த மாதிரி, நிறுத்தி வச்சிருந்த ஸ்கூட்டர் மேலல்லாம் ஏறி எறங்கி, ஜெட்டி கேட்டுல ரெண்டா மடிஞ்சு உள்ள நொழஞ்சு, படகுல ஜன்னலோரமா சுருண்டு உக்காந்துச்சு. படகு தாழல. ஆனா உள்ள இருட்டாயி, பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்த ஒருத்தர் போன்ல டார்ச் அடிச்சு மிச்சத்தப் படிச்சாரு. டிக்கெட் குடுக்கிறவனுக்கு அத ஆளா எடுத்துக்கிறதா லக்கேஜா எடுத்துக்கிறதான்னு தெரியல, விட்டுட்டான். வெயில் ஏறினப்பதான் மத்தவங்களுக்கு விஷயம் தெரிஞ்சுது. மால் செவுத்தோரம் நெழல்ல உக்காந்து லாட்டரி விக்கிறவரு மொட்ட வெயில்ல உக்காந்துக்கிட்டு, எவன்டா எடுத்ததுன்னு சுத்திச் சுத்திப் பாத்தாரு. பக்கத்துல மத்தி விக்கிற அம்மா கூடையத் தூக்கிட்டு எதுத்த வரிசைக்குப் போயிட்டாங்க. மால் அங்கதான் நின்னுச்சு, நாலு மாடியும் கண்ணாடியும் மேல நீல எழுத்துமா. கீழ மட்டும் ஒண்ணும் இல்ல.

அந்த மால் தொறந்த வருஷந்தான் பாண்டிச்செல்வி பொறந்தா. அதுக்கு முன்ன அந்த எடத்துல இஞ்சி குடோன் இருந்துச்சு. இப்பவும் மழ பேஞ்சா லிஃப்டுக்குள்ள சுக்கு வாசம் வரும். கட்டினது பூராம் சங்கரன்கோயில் பக்கத்துலருந்து வந்த ஆளுங்க. வேல முடிஞ்சு அவங்க பையத் தூக்கினப்போ விஸ்வநாத் மொதலாளி வாசப்படில நின்னு, போக வேண்டாம், மாலுக்குப் பின்னாடி லைன் வீடு கெடக்கு, அங்க இருந்துக்கிட்டு கூட்டிப் பெருக்கி மாலப் பாத்துக்கோங்கன்னு கையக் காட்டிச் சொன்னாரு. கடைசியா மலையாளத்துல, "ஈ மால் நிக்குந்ந காலம் நிங்ஙள்க்கு இவிடெ தாமசிக்காம். அது எண்டெ உறப்பா"ன்னாரு. கூட்டத்துல யாருக்கும் புரியல. மாயம்மாள் மட்டும் சத்தமா, "ஏய்யா, மாலு நிக்கிறதுக்கும் காரத்துக்கும் என்ன சம்பந்தம், என்னத்துல உறைப்பாம்?"னு கேட்டா. அப்ப பாண்டிச்செல்வியோட அப்பா சுப்புராஜ் முன்னாடி வந்தாரு. அவரு அதுக்கு முன்னயே ஆலுவால ஓட்டல் வேல பாத்து நல்லா மலையாளம் படிச்சிருந்தாரு. "ஏ அக்கா, உறப்புன்னா காரம் இல்ல, வாக்கு. மால் நிக்கிற வரைக்கும் நாம இங்க இருக்கலாம்னு வாக்குக் குடுக்காரு"ன்னாரு. எல்லாரும் கைதட்டினாங்க. அன்னைலருந்து மொதலாளிக்கும் லைனுக்கும் நடுவுல சுப்புராஜோட நாக்குதான். பின்னால எல்லாரும் மீன் வாங்குற அளவுக்கு, சண்ட போடுற அளவுக்கு மலையாளம் படிச்சுக்கிட்டாங்க. ஆனா மொதலாளியோட ஏசி ரூமுக்குள்ள போறது சுப்புராஜ் ஒருத்தர்தான். அவரு வெளிய வந்து என்ன சொல்றாரோ அதுதான் மொதலாளி சொன்னது.

நல்லாருந்த காலத்துல ஞாயித்துக்கெழமைன்னா போர்ட் கொச்சிலருந்தும் வைப்பின்லருந்தும் ஆளுக எஸ்கலேட்டர்ல ஏறுறதுக்குன்னே வந்தாங்க. கோயிலுன்னு நெனச்சு கீழயே செருப்பக் கழட்டிப் போட்டுட்டு ஏறினவங்க உண்டு. பாண்டிச்செல்வியோட அம்மா செல்வலட்சுமிக்கு மொத மாடியத் தொடைக்கிற வேல. பிள்ளைய எறங்குற எஸ்கலேட்டர்ல விட்டுட்டு மாப் போடுவா. அது மேல நோக்கி நடந்துக்கிட்டே இருக்கும், எங்கயும் போகாது. அப்பிடித்தான் பாண்டிச்செல்வி நடக்கப் படிச்சா. அதனால இப்பவும் சமதரைல கூட அவ கொஞ்சம் முன்னால சாஞ்சு, யாரோ பின்னுக்கு இழுக்கிற மாதிரிதான் நடப்பா.

அப்புறம் பைபாஸ் பக்கம் ஒரு பெரிய மால் வந்துச்சு. அதப் பத்தி மட்டாஞ்சேரில யாரும் பேசல, ஞாயித்துக்கெழம மட்டும் யாரும் ஊர்ல இல்ல. ஜலராணி நெழல் அங்க போய்த்தான் படுத்திருக்குன்னு எதுத்த பேக்கரில வேல பாக்குற சஜி கண்ணால பாத்துட்டு வந்து சொன்னான். புது மாலுக்கு ஒரு பக்கம் சொந்த நெழல், இன்னொரு பக்கம் அளவு பத்தாத இன்னொரு நெழல், காலுக்கிட்ட நாய் படுத்த மாதிரி. அதுக்கப்புறம் ஒண்ணொண்ணா ஆரம்பிச்சுது. ஐஸ்கிரீம் கடையோட நெழல் போச்சு, ரெண்டு வாரத்துல கடைக்காரன் ஷட்டர எறக்கிட்டான். செருப்புக் கட நெழல் போச்சு, செருப்புக் கட போச்சு. மேல் மாடி சினிமால நாற்காலிக எல்லாத்துக்கும் ஒரே நாள்ல நெழல் போச்சு. அந்த வெள்ளிக்கெழம படம் மாத்தல. ஒரு மாசத்துல ஊருக்கு வெவரம் பிடிபட்டுது: போறது எதுன்னாலும் மொதல்ல அதோட நெழல் போகும். எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரன் காலத்தான் பாத்துப் பேசினாங்க. ஆட்டோ ஸ்டாண்டுல சேட்டன்மார் வெயில்ல வண்டிய நிறுத்தி அடில குனிஞ்சு பாத்துக்குவாங்க. தச்சுக் குடுக்கிற சுமா சேச்சி தையல் மிஷினோட நெழல் போறதப் பாத்து, ஓடிப்போய் அது மேல ஒரு அரிசி மூட்டைய வச்சாங்களாம். மூட்ட மட்டும் அங்கயே கெடந்துச்சு.

லைன் வீட்டுக்காரங்க மட்டும் பயப்படல. காலைல பல்லு தேய்க்கும்போதே எல்லாரும் வரிசையா நின்னு பாத்துக்குவாங்க. எல்லாருக்கும் இருந்துச்சு, கைக்கொழந்தைக்குக் கூட சப்பாத்தி அளவுக்கு ஒண்ணு. "நமக்கு உறப்பு இருக்குல்ல. மாலு நிக்குது, நாமளும் நிப்போம்"னு மாயம்மாள் எல்லார்கிட்டயும் சொல்லுவா. அவ சுப்புராஜுக்கு ஒண்ணுவிட்ட அக்கா, பாண்டிச்செல்விக்கு அத்த. அவளுக்குக் கோபம் வந்தா போலீஸ்காரன் கூட சந்துக்குள்ள வர யோசிப்பான். யாரும் வராத மால்ல செல்வலட்சுமி தெனமும் மாப் போட்டுக்கிட்டுதான் இருந்தா. எதுக்கும்மான்னு கேட்டா, தூசி மட்டும் வருதுல்லன்னு சொல்லுவா.

மார்ச் மாசம் பரிச்ச முடிஞ்ச அன்னைக்கு பாண்டிச்செல்வி அப்பா வீட்டுல மறந்துட்ட செல்போனக் குடுக்கிறதுக்காக மொதலாளி ரூமுக்குப் போனா. மாலுக்குள்ள அந்த ரூம்ல மட்டுந்தான் அப்பவும் ஏசி ஓடிக்கிட்டு இருந்துச்சு. கதவு சாத்தியும் சாத்தாமயும் இருந்துச்சு. மொதலாளி ஜன்னல் வெயில்ல நின்னுக்கிட்டிருந்தாரு. தரைல ஜன்னல் கம்பியோட நெழல் இருந்துச்சு, அவரோடது இல்ல. அது எப்பப் போச்சுன்னு யாருக்கும் தெரியாது. "ஏப்ரில் கழியும்போ எல்லாரும் ஒழியணும், சுப்பு. பஹளம் ஒண்ணும் பாடில்ல"ன்னாரு. பஹளம்னா கூச்சல், சண்ட, அது கூடாதுங்கிறாரு. பாண்டிச்செல்வி படிக்கிறது மலையாள ஸ்கூல்ல. தமிழ எழுத்துக் கூட்டித்தான் படிப்பா, மலையாளம் தண்ணி மாதிரி. ஒழியணும்னா காலி பண்ணணும்னு அவளுக்குத் தெரியும். தமிழ்ல ஒருத்தர் அப்பிடிச் சொன்னா அது சாபம், செத்துத் தொலைன்னு சொல்ற மாதிரி. மலையாளத்துல அது மரியாதையான வார்த்த. நோட்டீஸ்ல கூட எழுதுவாங்க. அப்பா தலைய ஆட்டினாரு.

கீழ தண்ணி இல்லாத ஃபவுன்டன் பக்கத்துல லைன் ஆளுக பூராம் காத்துக்கிட்டிருந்தாங்க. அப்பா படில எறங்கி வந்து, சிரிச்சிக்கிட்டே, "ஒழிவாம்"னாரு. மலையாளத்துல ஒழிவுன்னா லீவு. பாண்டிச்செல்வி பாடப் புஸ்தகத்துல கூட மே மாசத்துக்கு ஒழிவுகாலம்னுதான் போட்டிருக்கும், பக்கத்துல மாமரம் படம் வரஞ்சு. "ஏப்ரில் கடைசிக்கு எல்லாருக்கும் ஒழிவு. மாலுக்கு பெயின்ட் அடிச்சு, ரிப்பேர் பாத்து, புதுசாத் தொறக்கப் போறாங்களாம். நம்மள ஊருக்குப் போயிட்டு வரச் சொல்லிட்டாரு"ன்னாரு அப்பா. லைன் வீட்டு இசக்கிராஜா விசில் அடிச்சான். இத்தன வருஷத்துல லைன் மொத்தமும் ஒண்ணாச் சேந்து ஊர்ல கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனதே இல்ல. யாராவது ஒரு பாதி மால்ல நிக்கணும், மறு பாதி போகும். இப்ப எல்லாரும் போகலாம். மாயம்மாள் அங்கயே ரெண்டு கையையும் தூக்கிக் குலவ போட்டா. காலி மால்ல அது நாலு மாடியும் ஏறி எறங்கி வந்துச்சு.

ரெண்டு வார்த்தையும் ஒரே மாதிரி இருக்கு, அப்பா தப்பாக் கேட்டிருப்பாருன்னு பாண்டிச்செல்வி நெனச்சா. நெனச்சாங்கிறத விட, அத இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. ஏசி சத்தம் வேற இருந்துச்சுல்ல. ஆனா உறப்புன்னா காரம் இல்லன்னு ஊருக்கே சொல்லிக்குடுத்த மனுஷன் ஒழியணும்ங்கிறத ஒழிவுன்னு கேப்பாரான்னு உள்ளுக்குள்ள ஒண்ணு கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

அந்த வாரத்துலருந்து அப்பா குடை பிடிக்க ஆரம்பிச்சாரு. ஜூன் மாச எடவப்பாதி மழைல கூட தலைல துண்டப் போட்டுட்டு நடக்கிற ஆளு. இப்ப சந்து முக்குக்கு பீடி வாங்கப் போனாலும் பெரிய கருப்புக் குடை. பெரும்பாலும் நடு மத்தியானந்தான் வெளிய வருவாரு, வெயில் நேரா உச்சில நிக்கிறப்போ. மத்த நேரம் மாலுக்குள்ள டியூப் லைட் வெளிச்சத்துல இருந்துக்குவாரு. "ஏ, கலெக்டர் வர்றாரு, வழிவிடுங்க"ன்னு இசக்கிராஜா கேலி பண்ணுவான். "கொடைக்குப் போறதுக்கு இப்பவே குடை பிடிச்சுப் பழகுதான்"னு மாயம்மாள் சொல்ல, சந்தே சிரிக்கும். அப்பாவும் சிரிப்பாரு. குடைய மடக்க மாட்டாரு.

ஒருநாள் சாயங்காலம் யூசுப்பிக்கா கடைல சாயாப் பொடி வாங்கிட்டுத் திரும்பும்போது பாண்டிச்செல்வி அப்பாவத் தூரத்துல பாத்தா. ஜெட்டிலருந்து வந்துக்கிட்டிருந்தாரு. படகு தாமதமாயிருச்சு போல, வெயில் சாஞ்சு, ரோட்டுல போறவங்க நெழல் எல்லாம் நீட்ட நீட்டமாக் கெடந்துச்சு. ஒரு நாயோட நெழல் மாடு அளவுக்கு இருந்துச்சு. அப்பா பக்கத்துல குடையோட நெழல் போய்க்கிட்டு இருந்துச்சு. வட்டமா துணி, கம்பி, வளஞ்ச பிடி எல்லாம் அச்சடிச்ச மாதிரி. பிடிக்குக் கீழ ஆள் இல்ல. குடை மட்டும் தனியா நடந்து போச்சு. யூசுப்பிக்காவும் பாத்தாரு. "மோளே, கண்டது ஆரோடும் பறயண்டா", யார்ட்டயும் சொல்லிராதன்னு மெதுவாச் சொல்லிட்டு, கேக்காமயே அவ கைல பஜ்ஜி மாதிரி ஒரு பழம்பொரிய வச்சாரு. அவ அதத் தின்னவே இல்ல. கை முழுக்க எண்ணெயோட வீட்டுக்கு வந்தா.

அம்மாகிட்ட சொன்னா. செல்வலட்சுமி அப்ப பாத்திரம் கட்டிக்கிட்டு இருந்தா. ஊருக்குப் போறவங்க ரெண்டு சேலையும் ஒரு தூக்குச்சட்டியும் எடுத்துக்குவாங்க. அம்மா குக்கர், அருவாமண, செவுத்துல மாட்டியிருந்த சாமி படம், கரன்ட் அடுப்பு எல்லாத்தையும் சாக்குல போட்டுக்கிட்டிருந்தா. பாண்டிச்செல்வி அதப் பாத்துக்கிட்டே நின்னா. "ஒனக்குத் தெரியுமாம்மா?"னு கேட்டா. அம்மா சாக்கு வாயக் கட்டினா. "சத்தம் போடாத. பக்கத்து வீட்டு சுமதி மதினி வெளிய நிக்கா"ன்னு சொன்னா. வாசல் வெயில்ல அம்மாவோட நெழல் கெடந்துச்சு. இருந்துச்சு, ஆனா வெளுத்துப் போயி, அடிச்சு அடிச்சுத் தொவச்ச துணி மாதிரி. போகவா இருக்கவான்னு அதுக்கே தெரியாத மாதிரி.

அப்பாவ அவ மாலுக்குள்ள, நின்னு போன எஸ்கலேட்டர் அடில பிடிச்சா. பயம் வந்தா அவளுக்கு மலையாளந்தான் வரும். "மொதலாளி பறஞ்ஞது ஒழிவெந்நோ, ஒழியணம்னோ?"ன்னு கேட்டா. அப்பா சுத்தி ஒருதரம் பாத்துட்டு படில உக்காந்தாரு. பொய் சொல்லல, அதுதான் அவளுக்குத் தாங்கல. ஊருக்குப் பேசிவச்ச பஸ்ஸு போன மறுநாள் பூட்டு மாத்திருவாங்க, அதுக்கு அடுத்த வாரம் லைன இடிச்சிருவாங்கன்னு சொன்னாரு. எல்லாரும் இங்க இருந்தா மாயக்கா வாசல்ல படுத்துக்குவா, போலீஸ் வரும், யாராவது அடி வாங்குவாங்க, அதுக்கு ஊர்ல கொடை பாத்துக்கிட்டு சந்தோஷமா இருக்கும்போதே முடிஞ்சிட்டா நல்லதுல்லன்னாரு. புது மால்ல தனக்கு சூப்பர்வைசர் வேல, எர்ணாகுளம் தேவராவுல ரெண்டு ரூம் வீடு. "ஒனக்காகத்தாம்மா செல்வி. ஒரு ஜன்னல் கூட இல்லன்னு அழுதீல்ல, ஒன்பதாங்கிளாஸ்ல. ஒன் ரூம்ல ரெண்டு ஜன்னல் இருக்கு. போயி எண்ணிப் பாத்துட்டுத்தான் வந்தேன்"னாரு. அவ அழுதது உண்மதான். அது ஒரு ஜன்னலப் பத்தித்தான், பன்னெண்டு வீட்டப் பத்தி இல்ல. "வெளிய சொல்லிராத. நாளைக்கு இவங்க மொகத்துல நாம எப்பிடி முழிக்கிறது?"ன்னாரு. நாமன்னு சொன்னாரு. அவளையும் சேத்துத்தான்.

மறுநாள் காலைல வரிசையா நின்னு பல்லு தேய்க்கும்போது பாண்டிச்செல்விக்கு குதிகால்ல குளுகுளுன்னு இருந்துச்சு. குனிஞ்சு பாத்தா, அவ நெழல் குதிகாலுக்கிட்ட பிரிஞ்சிருந்துச்சு, பழைய ஸ்டிக்கரோட ஓரம் தூக்கிக்கிட்டு நிக்குமே அந்த மாதிரி. கால் விரலால அமுக்கினா, ஒட்டல. தெனமும் கொஞ்சம் கொஞ்சமா பிரிஞ்சுது. அவ வாயத் தொறக்காத ஒவ்வொரு நாளும் விரக்கடை அளவு. காத்து அடிச்சா படகு ஜெட்டிப் பக்கமா படபடன்னு அடிச்சுக்கும். அவ சாக்ஸ் போட்டு மறச்சுக்கிட்டா. இந்த வெயில்ல என்னட்டி சாக்ஸுன்னு மாயம்மாள் கேட்டப்போ, பித்தவெடிப்பு அத்தன்னு சொன்னா. மாயம்மாள் தேங்கா எண்ணெயில மஞ்சள் கொழச்சுக் கொண்டுவந்து குடுத்துட்டுப் போனா. அத வாங்கி வச்சுக்கிட்டு அவ ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. சொன்னா அப்பா போச்சு. சொல்லாட்டி எல்லாம் போச்சு, கடைசில தானும்.

பஸ்ஸு ஒரு புதன்கெழம காலைல மால் முன்னாடி வந்து நின்னுச்சு. வெயில் அப்பத்தான் கெழக்கருந்து சாஞ்சு அடிச்சுது. லைன் மொத்தமும் புதுத்துணி. இசக்கிராஜா பொண்டாட்டி வயித்துல பிள்ளையோட ஜன்னல் சீட்டு பிடிச்சு உக்காந்துட்டா. பஸ்ஸு மேல மூட்ட ஏத்துறதும், பூ எங்கன்னு தேடுறதும், டிரைவர் ஹாரன் அடிக்கிறதுமா ஒரே சத்தம். யூசுப்பிக்கா வழிக்குன்னு பழம்பொரி ஒரு பொட்டலம் கட்டிக் குடுத்தாரு. அப்பா மால் வாசல்ல குடையப் பிடிச்சுக்கிட்டு, அத அங்க வை, இத இங்க வைன்னு சொல்லிக்கிட்டு நின்னாரு. அவரு பின்னாடி வர்ற பஸ்ஸுல வருவாராம், மால் சாவிய குடுத்துட்டு. அம்மாவும் பாண்டிச்செல்வியும் அவரு கூடத்தான். அவங்க சாக்கு எதுவும் பஸ்ஸுல ஏறல. அத யாரும் கவனிக்கல.

பாண்டிச்செல்வி சாக்ஸக் கழட்டினா. நெழல் பெருவிரல் நுனில மட்டுந்தான் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, மிச்சமெல்லாம் ஜெட்டிப் பக்கம் கொடி மாதிரி பறந்துக்கிட்டிருந்துச்சு. அவ முன்னால சாஞ்சு சாஞ்சு நடந்து அப்பாகிட்டப் போனா. "அப்பா, வெயிலாருக்கு. குடையத் தாங்க"ன்னு கேட்டா.

அப்பா அவளப் பாத்தாரு. அவ கேக்கிறது குடை இல்லன்னு அவருக்குத் தெரிஞ்சுது. "உள்ள போயி நில்லும்மா"ன்னாரு. அவ நகரல. பஸ் படில நின்னுக்கிட்டிருந்த மாயம்மாள்தான், "ஏல, பிள்ளைக்குக் குடையக் குடுலே. ஒனக்கென்ன, இனிமேத்தான் கருக்கப் போறியாக்கும்?"னு கத்தினா. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பாவும் சிரிக்கப் பாத்தாரு. அவரு நெனச்சிருந்தா முடியாதுன்னு சொல்லியிருக்கலாம், ஏதாவது திட்டி அனுப்பியிருக்கலாம். பொறந்ததுலருந்து அவ கேட்ட எதையும் அவரு இல்லன்னு சொன்னதில்ல. குடைய அவ கைல குடுத்தாரு. பிடி ஈரமா இருந்துச்சு.

அவ அத மடக்கினா. வெயில் அப்பா மேல அடிச்சுது. அவரு சட்ட மினுங்குச்சு, கண்ணாடி மினுங்குச்சு, தரைல ஒண்ணும் இல்ல. அவருக்குப் பின்னாடி நெழல் இல்லாத நாலு மாடி. மொதல்ல டிரைவர் பாத்து ஹாரன்லருந்து கைய எடுத்தான். அப்புறம் ஒண்ணொண்ணா எல்லாரும். பூவத் தேடிக்கிட்டிருந்தவங்க தேடுறத நிறுத்தினாங்க. மாயம்மாள் படில இருந்து எறங்கி வந்து, குனிஞ்சு, தம்பி காலச் சுத்திப் பாத்தா, எதையோ தொலச்சவ மாதிரி. "ஒழிவுன்னு சொன்னியேலே?"ன்னா. அவ குரல் அவ்வளவு சின்னதா யாரும் கேட்டதில்ல. பாண்டிச்செல்விதான், "ஒழிவு இல்ல அத்த. ஒழியணும்னுதான் மொதலாளி சொன்னாரு"ன்னா. சொன்னதும் குதிகால்ல சூடா, மெழுகு ஊத்தின மாதிரி ஒண்ணு வந்து ஒட்டுச்சு.

யாரும் அடிக்கல. இசக்கிராஜா கை ஓங்கிட்டு வந்தவன், கிட்ட வந்ததும் ஓங்கின கைய என்ன செய்யிறதுன்னு தெரியாம அப்பா தோள்ல ஒட்டியிருந்த ஒரு பூவிதழ எடுத்துப் போட்டுட்டுத் திரும்பிட்டான். பஸ்ஸு மேல இருந்து மூட்டய எறக்க ஆரம்பிச்சாங்க. அன்னைக்கு முழுக்க லைன்ல பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு. ஊர்லருந்து போன் வந்துச்சு, மொளப்பாரி தூக்க ஆள் இல்ல, எங்க வாறீகன்னு. மாயம்மாள் வரலன்னு மட்டும் சொல்லி வச்சுட்டா. செல்வலட்சுமி சாக்கப் பிரிச்சு சாமி படத்த எடுத்து பழைய ஆணிலயே மாட்டினா. மகள நிமிந்து பாக்கல. ஆனா மறுநாள் வாசல்ல செல்வலட்சுமியோட நெழல் மை மாதிரி கருப்பா விழுந்துச்சு. அப்பா காலைல மொதப் படகுல போயிட்டாரு. குடைய எடுத்துக்கல. இனி மறைக்க என்ன இருக்கு.

மொதலாளி விடல. தண்ணிய நிறுத்தினாரு, யூசுப்பிக்கா கடக் கொழாய்லருந்து ஓஸ் போட்டாங்க. அப்புறம் மால இடிச்சிட்டா உறப்பும் முடிஞ்சுதுல்லன்னு கணக்குப் போட்டு ஒரு ஜேசிபிய அனுப்பினாரு. வந்த டிரைவர் திண்டுக்கல் பக்கம். மாலச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தான், வெயிலப் பாத்தான், தரையப் பாத்தான், வண்டிய அணைச்சுட்டு எறங்கிட்டான். "நெழல் இருந்தாத்தான் சார் எந்தப் பக்கம் விழும்னு தெரியும். இத இடிச்சா எங்க விழும்னு நான் எப்பிடிச் சொல்றது?"ன்னான். அடுத்து வந்த ரெண்டு டிரைவரும் அதத்தான் சொன்னாங்க, ஒருத்தன் ஹிந்தில. அப்பிடியே விட்டுட்டாங்க. மால் நிக்குது, அதனால லைனும் நிக்குது. பேக்கரி போச்சு, சஜி போயிட்டான், சுமா சேச்சி மூட்ட அரிசியப் பொங்கித் தின்னுட்டு மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க. ஆட்டோ ஸ்டாண்டுல ஒரே ஒரு வண்டி, அதுவும் யூசுப்பிக்கா மச்சினன் வண்டி. செல்வலட்சுமி மால்ல மாப் போடுறத நிறுத்திட்டா. சந்தையும் வீட்டு வாசலையும் மட்டும் தொடைக்கிறா.

அடுத்த எடவப்பாதிக்கு முன்ன ஒரு சாயங்காலப் படகுல சுப்புராஜோட நெழல் மட்டும் வந்து எறங்குச்சு. ஆள் இல்ல. வலது தோள் கொஞ்சம் எறங்கினாப்ல இருக்கிறத வச்சு யூசுப்பிக்கா கண்டுபிடிச்சாரு. பழக்கத்துல, சாயா எடுக்கட்டேன்னு கேட்டும் போட்டாரு. அது நிக்கல. மால் வாசல்ல கொஞ்சம் தயங்கி, சந்துக்குள்ள வந்து, ஒவ்வொரு வீட்டு வாசலையும் சுத்திப் போயி, தன் வீட்டு நடைல நீட்டமாப் படுத்துக்கிச்சு. எல்லாரும் வெளிய வந்து நின்னாங்க. மாயம்மாள் இடுப்புல கைய வச்சுக்கிட்டு அதயே பாத்தா. "என்னலே, ஒழிவுக்கு வந்தியா?"ன்னா. ஒருத்தரும் சிரிக்கல. பாண்டிச்செல்வி அத மிதிக்கணும்னுதான் வந்தா, காலையும் தூக்கினா. அப்புறம் அத தாண்டி உள்ள போயி புஸ்தகத்த எடுத்து உக்காந்தா.

ஆளு தேவராவுல சௌக்கியமாத்தான் இருக்காருன்னு கேள்வி. ஜன்னல் ரெண்டும் தொறந்துதான் இருக்காம். நெழல் இங்க இருக்கு. மழைன்னாலும் வெயிலுன்னாலும் நடைலதான் கெடக்கும், யாரையும் தொந்தரவு பண்றதில்ல. மத்தியானத்துல மாயம்மாளோட பூனை அது மேல வந்து படுக்கும், அங்க மட்டும் குளுமையா இருக்கும்ல. செல்வலட்சுமி காலைல வாசலத் தொடைக்கும்போது அந்த எடத்த மட்டும் விட்டுட்டு, சுத்தி மாப் போடுறா. அதனால அங்க தர கொஞ்சம் அழுக்காத்தான் இருக்கு.